கணக்கு எளிது, கேபிள்தான் கஷ்டம்

ஆன்டெனா லேபுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது, "இந்த அறைக்குள்ளேயே எப்படி அளக்கிறீர்கள்?" என்பதைத்தான். நியாயமான கேள்வி. கதிர்வீச்சுக் கோலத்தை, அதாவது ஆன்டெனா எந்தத் திசையில் எவ்வளவு வீசுகிறது என்பதை, நேரடியாக அளக்க வேண்டுமென்றால் தொலைப்புலத்துக்கு, அதாவது அந்தக் கோலம் தூரத்தால் மாறாத அளவுக்குத் தள்ளிப் போயாக வேண்டும். ஆன்டெனா விட்டத்தின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால் அந்தத் தூரம் கிடைக்கும். 10 கிகாஹெர்ட்ஸில் 1 மீட்டர் டிஷ்ஷுக்கு ஏறத்தாழ 67 மீட்டர், 3 மீட்டர் டிஷ்ஷுக்கோ 600 மீட்டர். அத்தனை நீள அறைக்கு எங்கே போவது?

அதனால் ஆன்டெனாவுக்கு முன்னால் மூன்று முதல் ஐந்து அலைநீளம் தள்ளி ஒரு ப்ரோபை (புலத்தை உணரும் சிறு ஆன்டெனா) வரிசை வரிசையாக நகர்த்தி, புலத்தின் வீச்சையும் ஃபேஸையும் (அலை தன் சுழற்சியில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது) அரை அலைநீளத்துக்கு ஒரு புள்ளி என்று எடுக்கிறோம். 2 மீட்டர் சதுரத்துக்கு, 1.5 சென்டிமீட்டர் இடைவெளியில், ஏறத்தாழ 18 ஆயிரம் புள்ளிகள். ப்ரோபை 90 டிகிரி திருப்பி இன்னொரு போலரைசேஷனுக்கும் (மின்புலம் அதிரும் திசை) அதே அளவு. அப்புறம் அளந்த புலத்தைத் திசைவாரியாகப் பிரிக்கும் ஒரு ஃபூரியர் உருமாற்றம், ப்ரோபின் சொந்தக் கோலத்துக்கான திருத்தம், தொலைப்புலம் தயார். இந்தத் திருத்தத்துக்கான கோட்பாட்டை டேவிட் கெர்ன்ஸ் 1960களிலேயே அமெரிக்கத் தர நிர்ணய ஆய்வகத்தில் உருவாக்கிவிட்டார். இன்று அது மென்பொருளில் ஒரு பட்டன்.

என் நேரமெல்லாம் போவது ஃபேஸிடம்தான்.

ப்ரோப் நகரும்போது அதன் கேபிளும் வளைகிறது. வளைந்தால் ஃபேஸ் மாறும். ஸ்கேன் மணிக்கணக்கில் ஓடும். அதற்குள் அறையின் வெப்பநிலை கொஞ்சம் ஏறினாலும் ஃபேஸ் நகரும். இப்படி மெல்ல நகரும் பிழை படத்தில் பிழை மாதிரியே தெரியாது. வரிசைக்கு வரிசை ஒரே சீராக ஏறினால் ஆன்டெனா அதிகமாக வீசும் கற்றை சற்றே சாய்ந்து வரும். ஆன்டெனாவே அப்படித்தான் போலும் என்று நம்பிவிடலாம். அதற்காகத்தான் கடைசியில் குறுக்குவாட்டில் சில வரிகளை மட்டும் வேகமாக எடுத்து ஒப்பிடுகிறோம். டை ஸ்கேன் என்பார்கள். அவசரம் என்று இதைத் தவிர்க்கச் சொல்பவர்களிடம் நான் சண்டை போடுவேன்.

இயந்திரத்தின் சீரான பிழை அதைவிடப் பொல்லாதது. ஸ்கேனர் 6 சென்டிமீட்டருக்கு ஒரு முறை முன்னும் பின்னும் 0.3 மில்லிமீட்டர் அலைந்தால், 3 சென்டிமீட்டர் அலைநீளத்தில் அது 3.6 டிகிரி ஃபேஸ். கேட்க அற்பம். ஆனால் நேராகப் பார்க்கும் கற்றைக்கு இருபுறமும் 30 டிகிரியில், 30 டெசிபெல் கீழே (ஆயிரத்தில் ஒரு பங்கு திறனில்), இல்லாத சைட்லோப் (முதன்மைக் கற்றைக்கு வெளியே தெரியும் சிறு கற்றை) ஒன்று முளைத்துவிடும். ஒழுங்கில்லாத பிழையாக இருந்தால் எல்லாத் திசையிலும் சிதறிக் கரைந்திருக்கும்.

ப்ரோபுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே அலை போய்த் திரும்பி மீண்டும் வருவது இன்னொரு தொல்லை. ப்ரோபைக் கால் அலைநீளம் பின்னால் நகர்த்தி மறுபடி ஸ்கேன் எடுத்து, தூர வித்தியாசத்தைச் சரிசெய்து சராசரி பார்த்தால், அந்த எதிரொலிப்பு பெரும்பாலும் அடிபட்டுப் போகும். எளிய வித்தை, ஆனால் நேரம் இரட்டிப்பாகும். சைட்லோப் முக்கியம் என்றால் நான் தயங்குவதில்லை.

ப்ரோப் ஓடும் தளம் ஓரிடத்தில் முடிந்துவிடுவதால் கோலம் எல்லாக் கோணத்துக்கும் செல்லாது. 1 மீட்டர் ஆன்டெனா, 2 மீட்டர் தளம், இரண்டுக்கும் நடுவே 15 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் சுமார் 73 டிகிரி வரைதான் நம்பலாம். அதற்கு மேலும் மென்பொருள் அழகாக வரைந்து காட்டும்; அதை அறிக்கையில் வெட்டிவிடுங்கள். பின்பக்கமும் சேர்த்து எல்லாத் திசையும் வேண்டுமென்றால், ஆன்டெனாவைச் சுற்றி எல்லாப் பக்கமும் அளக்கும் கோள ஸ்கேன்தான் வழி.

இத்தனை பாடுபட்டு எடுத்த ஃபேஸில் இன்னொரு லாபமும் உண்டு. அதே தரவைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் ஆன்டெனாவின் முகப்பில் புலம் எப்படி இருக்கிறது என்று தெரியும். ஃபேஸ்டு அர்ரே (பல சிறு ஆன்டெனா எலிமென்ட்களைச் சேர்த்து, அவற்றின் ஃபேஸை மாற்றிக் கற்றையைத் திருப்பும் ஆன்டெனா) என்றால் எந்த எலிமென்ட் செத்திருக்கிறது, எதன் ஃபேஸ் தப்பு என்பதெல்லாம் படத்திலேயே தெரிந்துவிடும். தொலைப்புலத்தில் வெறும் வீச்சை மட்டும் அளந்திருந்தால், கோலம் கெட்டிருக்கிறது என்பதோடு நின்றிருப்போம்.