பகுதியில் இல்லாதவர்கள்

மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்தால் போதும், கடலூரில் திரும்பின பக்கமெல்லாம் பிளெக்ஸ்தான். ஜூனில் பள்ளி திறக்கும்போதும் பாதி அப்படியே தொங்கும். மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர் போவதற்குள் "100% தேர்ச்சி" நாலைந்து கண்ணில் பட்டுவிடும். கணக்கு வாத்தியாருக்கு இதைவிட மலிவான பாடப்புத்தகம் ஏது? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வழியில் பார்க்கிற எண்களை நோட்டில் எழுதிவரச் சொன்னேன்.

ஒருத்தி டியூஷன் சென்டர் நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்தாள். போன வருடம் 92, இந்த வருடம் 96. ஆனால் இரண்டாவது பட்டை முதலாவதைப் போல இரண்டு மடங்கு உயரம். ஸ்கேல் வைத்து அளந்தார்கள்: 4 செ.மீ., 8 செ.மீ. படத்தின் செங்குத்து அச்சு 88-இல் தொடங்கியிருந்தது. பூஜ்யத்திலிருந்து கிராப் தாளில் போட்டதும், "சார், ரெண்டும் ஏறக்குறைய ஒரே உசரம்தான்!" என்று ஒரே கூச்சல்.

சராசரிக்கு ஒரு கணக்கு போட்டேன். ஒன்பது பேருக்கு மாதம் 15,000, முதலாளிக்கு 3 லட்சம். சராசரி 43,500. அந்தப் பணம் அங்கே ஒருவர் கைக்கும் வருவதில்லை.

1995-இல் பிரிட்டனில், ஒரு மாத்திரையால் ரத்தக்கட்டு அபாயம் 100% கூடுகிறது என்று செய்தி பரவியது. உண்மையில் 7,000 பேரில் ஒருவர் என்பது இருவராகியிருந்தது, அவ்வளவுதான். பயந்துபோய்ப் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அது கருத்தடை மாத்திரை என்பதைச் சொல்லத் தயங்கி, "ஏதோ ஒரு மாத்திரை" என்று மழுப்பினேன். பாதிக் கதையைச் சொல்கிறவர்களைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பில்!

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் பெண், அதிகம் பேசாதவள். "சார், நம்ம ஸ்கூல் வாசல்லயும் 100% போட்டிருக்கே. எங்க அண்ணன் போன வருஷம் இங்கதான் பத்தாவது. அவன் இதுல பாஸா, பெயிலா?"

வகுப்பு என்னைப் பார்த்தது. போன வருடம் ஜூனில் பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் 46 பேர். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஐந்து பேரை, "தனித்தேர்வரா எழுதிக்கோ" என்று அனுப்பிவிட்டோம். எழுதியது 41, தேறியது 41. வகுத்தலில் தப்பே இல்லை. அதை முடிவு செய்த கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன், வாய் திறக்கவில்லை.

"அண்ணன் இப்ப எங்கம்மா?"

"ஐஸ் கம்பெனிக்குப் போறான் சார்."

கரும்பலகையில் 41 எழுதி, கோடு இழுத்து, கீழே பகுதியாக 46 போட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒருவன் நோட்டில் வகுத்துவிட்டு நிமிர்ந்தான். "89 வருது சார். அதுவே நல்ல மார்க்குதானே, அதையே போட்டிருக்கலாமே?"