வட அட்லாண்டிக் விமான இணையம்: புராஜெக்ட்டில் நகர்வு மாதிரியை அமைப்பது எப்படி?

விமான இணையத்தை, அதாவது பறக்கும் விமானங்களே ஒன்றோடொன்று ரேடியோவில் இணைந்து பயணிகளுக்கு இணையம் தரும் வலையை, இறுதியாண்டு புராஜெக்ட்டாகவோ எம்.டெக். ஆய்வாகவோ எடுப்பவர்கள் பெரும்பாலும், தரவு எந்த வழியே போக வேண்டும் என்று முடிவு செய்யும் ரூட்டிங் நெறிமுறையில்தான் காலத்தைச் செலவிடுகிறார்கள். விமானங்களின் நகர்வுக்கு, எதேச்சையாகத் தேர்ந்த புள்ளிகளுக்கு நகர்த்தும், சிமுலேட்டரில் தயாராகக் கிடக்கும் ரேண்டம் வேபாயின்ட் மாதிரியைப் போட்டுவிடுகிறார்கள். வைவாவில் கேள்வி அங்கேதான் விழும். அந்த மாதிரியில் முனைகள் (இங்கே விமானங்கள்) பரப்பின் நடுவில் குவியும், நினைத்த திசையில் திரும்பும். பயணிகள் விமானம் அப்படிப் பறப்பதில்லை. அது பாதை, உயரம், நேரம் மூன்றுக்கும் கட்டுப்பட்டது.

வட அட்லாண்டிக்கைத் தேர்ந்தெடுங்கள் என்பது எங்கள் பரிந்துரை. கடலில் கோபுரம் நட முடியாது. ஆகவே விமானத்திலிருந்து விமானத்துக்குத் தாவிக் கரைசேரும் வலைக்கு அங்கே உண்மையான தேவை இருக்கிறது. போக்குவரத்தும் ஒழுங்கானது. ஐரோப்பாவிலிருந்து மேற்கே போகிறவை பகலிலும், அமெரிக்காவிலிருந்து கிழக்கே வருகிறவை இரவிலும் கடலைக் கடக்கின்றன. அன்றாடம் வகுக்கப்படும் தடங்கள், 30 பாகை மேற்கில், மேற்கு நோக்கி 1130 முதல் 1900 யூடிசி (உலகப் பொது நேரம்) வரையும், கிழக்கு நோக்கி 0100 முதல் 0800 வரையும் செல்லுபடியாகும். நாள் முழுவதற்கும் ஒரே சராசரி அடர்த்தியை எடுத்தால் இந்த ஏற்ற இறக்கம் அழிந்துபோகும். வலை அறுபடுவது இரண்டு அலைகளுக்கும் இடைப்பட்ட மெலிந்த நேரத்தில்தான். அந்த நேரத்தைக் காட்டாத மாதிரியால் பயனில்லை.

தரவுக்கு, விமானங்கள் தாமே ஒலிபரப்பும் இடம், வேக விவரங்களை (ஏடிஎஸ்-பி) தரை ரிசீவர்கள் மூலம் திரட்டும் ஓபன்ஸ்கை நெட்வொர்க்கின் பதிவுகள் போதும். அதில் ஒரு பொறி உண்டு. ரிசீவரின் எல்லையைத் தாண்டிய பிறகும், கடைசி இடத்தைப் பிடித்துக்கொண்டு அந்த விமானத்தின் வரிசைகள் சில நிமிடங்களுக்குத் தொடரும். வேகம் 240 மீ/வி என்று இருக்கும், இடமோ அசையாது. கடைசி இட விவரம் எப்போது வந்தது என்பதற்குத் அட்டவணையில் தனி நெடுவரிசை இருக்கிறது. வரிசையின் நேரத்திலிருந்து அதைக் கழித்து, 15 விநாடிக்கு மேல் பழையதானால் நீக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் அயர்லாந்துக்கு மேற்கே அந்தரத்தில் நிற்கும் விமானங்கள் உங்கள் வலைக்குப் பொய்யான ரிலேக்களாக (தரவைக் கைமாற்றும் முனைகளாக) ஆகிவிடும்.

அடுத்தது கடல் நடுவிலான இடைவெளி. தரை ரிசீவருக்கு எட்டும் தூரம் ஏறத்தாழ 400 கி.மீ. 15 பாகை மேற்கிலிருந்து 52 பாகை மேற்கு வரை, சுமார் 2,500 கி.மீ., அதாவது மூன்று மணி நேரம் வரை பதிவே இருக்காது. 30 நிமிட இடைவெளி வந்தால் புதிய பயணம் என்று வெட்டும் வழக்கமான ஸ்கிரிப்ட், ஒரே பயணத்தை இரண்டாக்கிவிடும். கடல் பகுதிக்கு மட்டும் ஐந்து மணி நேரம் வரை அனுமதியுங்கள். விமானத்தின் 24 பிட் அடையாள எண்ணும் அழைப்புக்குறியும் இரு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இடைப்பட்ட சராசரி வேகம் 180 முதல் 340 மீ/விக்குள் வராத இணைப்பைத் தள்ளிவிடுங்கள். எல்லை இவ்வளவு அகலமாக இருப்பதற்கு, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் ஜெட் காற்றோட்டம் காரணம். ஒரே விமானம் கிழக்கே 300, மேற்கே 200 என்று போகலாம்.

இடைவெளியைப் பெருவட்டப் பாதையில் (புவிப்பரப்பில் இரு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய வழியில்) நிரப்புங்கள். அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் நேர்க்கோட்டில் பங்கிடக் கூடாது. லண்டன் ஹீத்ரோ – நியூயார்க் கென்னடி பாதையின் நடுப்புள்ளியே இதனால் 700 கி.மீ.க்கு மேல் தள்ளிப்போகும்.

இதைச் சரியாகச் செய்தவர்களும் என்எஸ்-3 என்ற வலையமைப்பு சிமுலேட்டருக்குள் நுழையும்போது இடறுகிறார்கள். அது முப்பரிமாண கார்ட்டீசியன் ஆயங்களில் இயங்குகிறது. இரண்டு வேபாயின்ட்டுக்கு (பாதைப் புள்ளிக்கு) நடுவே நேர்க்கோடு போடும். புவியோ வளைந்தது. நாணுக்கும் வில்லுக்கும் உள்ள அதிகபட்ச இடைவெளி, தூரத்தின் வர்க்கத்தை புவி ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வரும். கடலில் வழக்கமான 10 பாகை தீர்க்கரேகைக்கு ஒரு புள்ளி வைத்தால், 50 பாகை வடக்கில் அது 716 கி.மீ. அப்போது வரும் தாழ்வு சுமார் 10 கி.மீ. 10.7 கி.மீ. உயரத்தில் பறக்க வேண்டிய விமானம் நடுவழியில் கடல்மட்டத்தை ஒட்டிப் போகும். தொடுவானம் சுருங்கி இணைப்புகள் காரணமின்றி அறும். மாணவர் ரூட்டிங்கில் பிழை தேடிக்கொண்டிருப்பார். 50 கி.மீ.க்கு ஒரு புள்ளி வைத்தால் தாழ்வு 50 மீட்டருக்குள் அடங்கும்.

பார்வைக்கோட்டுத் தூரத்துக்கு, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கி, இரு விமானத்துக்கும் கூட்டுங்கள். இரண்டும் 10.7 கி.மீ.யில் இருந்தால் சுமார் 740 கி.மீ. பாடநூல்களில் வரும் 4.12 என்ற கெழு, தரைக்கு அருகிலுள்ள காற்றில் அலை வளைவதைக் கணக்கில் கொண்டது. அந்த உயரத்துக்கு அதை எடுத்தால் தூரம் மிகையாகும்.

உண்மையான ரேடியோ எட்டும் தூரத்தை 300 கி.மீ. என்று கொள்ளுங்கள். எதிரெதிரே வரும் இரு விமானங்களின் ஒப்பு வேகம் 500 மீ/வி. இணைப்பு அதிகபட்சம் 20 நிமிடம். ஒரே திசையில் 10 மீ/வி வித்தியாசத்தில் போகிறவை கடலைக் கடக்கும்வரை பிரியாமல் இருக்கலாம். அருகில் இருப்பதை மட்டும் பார்த்து அடுத்த முனையைத் தேர்ந்தெடுக்கும் நெறிமுறை இங்கே தோற்பது இதனால்தான். தேர்வில் திசைக்கும் ஒரு எடை கொடுத்துப் பாருங்கள். மாதிரி சரியாக இருந்தால் வித்தியாசம் வரைபடத்தில் தெளிவாகத் தெரியும். ரேண்டம் வேபாயின்ட்டில் தெரியாது.

சுமைக் கணக்கில் கரையோர விமானத்தைக் கவனியுங்கள். 180 இருக்கை, 80% நிரம்பல், அதில் மூன்றில் ஒருவர் இணையத்தில் என்றால் 48 பேர். தலைக்கு 1 எம்பிபிஎஸ் என்றால் 48 எம்பிபிஎஸ். பன்னிரண்டு விமானங்களின் போக்குவரத்து கரையோடு நேரடியாகப் பேசும் ஒரே வாயில் விமானம் வழியாகக் கரைக்கு இறங்கினால் 576 எம்பிபிஎஸ். நடுக்கடலில் எவ்வளவு திறன் சேர்த்தாலும் இந்தக் கழுத்து அகலாது.

தரைக் கோபுர வலையையும் ஒப்பிட விரும்பினால் ஐரோப்பாவில் விமானங்களுக்கு இணையம் தரும் ஐரோப்பியன் ஏவியேஷன் நெட்வொர்க் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே சுமார் 300 கோபுரங்கள், 2 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசை. வழக்கமான எல்டிஇயில் (4ஜி கைபேசி வலை) தூரத்தால் வரும் தாமதத்தை ஈடுசெய்யும் நேரச் சீரமைப்பு ஏறத்தாழ 100 கி.மீ.யோடு நின்றுவிடும் என்பதும், 250 மீ/வியில் டாப்ளர் பெயர்ச்சி (வேகத்தால் அலைவெண் மாறுவது) 1.67 கிலோஹெர்ட்ஸ் வரும் என்பதும் உங்கள் மாதிரியில் இருக்க வேண்டும்.

ஒரு நாள் தரவோடு முடிக்காதீர்கள். தடங்கள் காற்றைப் பொறுத்து நாளுக்கு நாள் வடக்கும் தெற்குமாக நகரும். குளிர்காலத்தில் சில நாள், கோடையில் சில நாள் எடுத்து மாதிரியைக் கட்டுங்கள். கட்டுவதற்குப் பயன்படுத்தாத ஒரு நாளை ஒதுக்கி, மூன்றை மட்டும் ஒப்பிடுங்கள்: மணிக்கு மணி கடல்மேல் இருக்கும் விமான எண்ணிக்கை, அண்டை விமானத்துக்கான தூரம், இணைப்பு நீடிக்கும் நேரம். முதல் இரண்டும் பொருந்தி மூன்றாவது பொருந்தாவிட்டால், வேகத்தில் காற்றைச் சேர்த்தீர்களா என்று முதலில் பாருங்கள்.