தோளிலும் மார்பிலும் சுமந்த பெயர்கள்

விசுவாசிகள் அனைவரும் 'ராஜரீகமான ஆசாரியக்கூட்டம்' என்று பேதுரு எழுதியதை (1 பேதுரு 2:9) நாம் பெரும்பாலும் உரிமைப் பத்திரம்போலவே வாசிக்கிறோம். எனக்கும் தேவனுக்கும் நடுவே எவரும் தேவையில்லை, நானே நேராகக் கிருபாசனத்தண்டைக்குப் போகலாம் என்பதே அதன் முழுப்பொருள் என்று எண்ணிக்கொள்கிறோம். அது மெய்தான், ஆனால் பாதி மெய். தனக்காக மட்டும் சந்நிதிக்குள் போய்வந்த ஆசாரியன் ஒருவனையும் வேதத்தில் என்னால் காண முடியவில்லை.

யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தில், மோசேயின் அண்ணனும் இஸ்ரவேலின் முதல் பிரதான ஆசாரியனுமான ஆரோனின் உடையைப் பற்றிய விவரங்களைப் பொறுமையாகப் படித்தால் இது விளங்கும். ஏபோத் என்னும் ஆசாரிய மேலுடையின் இரண்டு தோள்களிலும் இரண்டு கோமேதகக் கற்கள்; கல்லுக்கு ஆறு பெயராக, இஸ்ரவேலின் குமாரர் பன்னிருவரின் பெயர்களும் பிறந்த வரிசைப்படி அவற்றில் வெட்டப்பட்டிருக்கும். மார்ப்பதக்கத்திலோ நான்கு வரிசைகளில் பன்னிரண்டு கற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். அவன் பரிசுத்த ஸ்தலத்திற்குள் போகும்போதெல்லாம் அந்தப் பெயர்களைத் தன் இருதயத்தின்மேல் சுமந்துகொண்டே போக வேண்டும். யோசேப்பு, அவனை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்ன யூதா, இருவரையும் அதே தோள்கள் சுமந்தன. ஆகாதவன் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக ஆசாரியனுக்கு அனுமதியில்லை.

எண்ணாகமம் 16-ஆம் அதிகாரம் இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. சபையார் எல்லாரும் பரிசுத்தமானவர்கள், நீங்கள் மட்டும் ஏன் உங்களை உயர்த்திக்கொள்கிறீர்கள் என்பதே மோசேயிடமும் ஆரோனிடமும் லேவியனான கோராகு எழுப்பிய வாதம். வாதத்தை மட்டும் பார்த்தால் அதில் பெரிய தவறு இல்லை. 'ஆசாரிய ராஜ்யம்' என்று இஸ்ரவேல் முழுவதையும் நோக்கிச் சீனாயில் தேவனே சொல்லியிருந்தார். ஆனால் கோராகு கேட்டது பதவி. மறுநாள், ஆரோனுக்கு விரோதமாக முறுமுறுத்த அதே ஜனங்களுக்குள் வாதை தொடங்கியபோது, அந்த முதியவர் தூபகலசத்தை எடுத்துக்கொண்டு சபையின் நடுவே ஓடி, செத்தவர்களுக்கும் உயிரோடிருக்கிறவர்களுக்கும் நடுவே நின்றார். வாதை நின்றது. ஆசாரியத்துவம் எதுவென்று கோராகுக்கு அளிக்கப்பட்ட பதில் அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் இதை இயேசுவில் நிறைவேறியதாகக் காண்கிறது. பழைய ஆசாரியர்கள் நாள்தோறும் நின்றுகொண்டு அதே பலிகளைச் செலுத்தினார்கள்; இவரோ ஒரே பலியைச் செலுத்திவிட்டு உட்கார்ந்தார். ஆகவே பலியோடு நாம் கூட்டிச் சேர்க்க எதுவும் மீதியில்லை. ஆனால் பலி முடிந்தும் வேண்டுதல் முடியவில்லை. பரிந்துபேச அவர் எப்போதும் உயிரோடிருக்கிறார் என்று அதே நிருபம் சொல்லுகிறது (7:25). விசுவாசிக்குக் கிடைத்திருக்கும் ஆசாரியப் பங்கு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் தூபவர்க்கம் பரிசுத்தவான்களின் ஜெபங்களோடு சேர்ந்தே எழும்புகிறது.

திருநிலை பெற்ற குருக்களுக்கும் விசுவாசிகளுக்கும் உள்ள வேறுபாட்டில் சபைகள் ஒருமனப்படவில்லை. 1520-இல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், திருமுழுக்குப் பெற்ற யாவரும் ஆசாரியரே என்று எழுதினார். கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் விசுவாசிகளின் பொதுக் குருத்துவத்தை வலியுறுத்தி, திருநிலை பெற்றவர்களின் பணிக்குருத்துவம் அதிலிருந்து இயல்பிலேயே வேறுபட்டது என்றும் கூறியது. அந்த விவாதத்தைத் தீர்க்க எனக்குத் தகுதியில்லை. இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் பகுதியே என் ஆயுளுக்குப் போதும்.

என் வேதாகமத்தின் கடைசி வெற்றுத்தாளில் சில பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன். நோயுற்றவர்கள், வேலை தேடுகிறவர்கள், விசுவாசத்தை விட்டு விலகிய ஒரு நண்பன். எனக்கு அநியாயம் செய்த ஒருவருடைய பெயரும் உண்டு. மற்ற பெயர்களுக்கு ஜெபத்தில் வார்த்தைகள் தாமாக வருகின்றன. அந்தப் பெயரில் மட்டும் நாவு தடுமாறுகிறது, சில வேளைகளில் ஜெபம் மெல்ல முறையீடாக மாறிவிடுகிறது. அப்போது பெயரை மட்டும் உரக்க வாசித்து நிறுத்திக்கொள்கிறேன். ஆரோனின் கற்களிலும் பெயர்கள் மட்டுமே இருந்தன. எவன் எப்படிப்பட்டவன் என்ற குறிப்பு ஒன்றும் அவற்றில் வெட்டப்படவில்லை.