கால்நடையாக மாத்தளைக்கு

வருகிற ஓகஸ்டில் எங்கள் தேவாலயத்தின் பதின்ம வயதுப் பிள்ளைகளைத் தம்புள்ளையிலிருந்து நாவுல, நாலந்தா வழியாக மாத்தளைக்கு நடத்திச் செல்லும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. தென்னிந்தியாவிலிருந்து படகில் வந்து இலங்கையின் தலைமன்னாரில் இறங்கிய நம் முன்னோர், கோப்பித் தோட்டங்களில் கூலிவேலை செய்வதற்காக, ஆள்சேர்த்து மேற்பார்த்த கங்காணிகளின் பின்னால் நடந்து வந்த வடக்குப் பாதையின் கடைசிப் பகுதி இது. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் விழுந்தவர்கள் பலர் இப்பாதையோரத்திலேயே விடப்பட்டார்கள். அவர்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து 2023இல் 'மலையகம் 200' நடைபயணம் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை சென்றபோது என்னால் கலந்துகொள்ள முடியவில்லை. அந்தக் குறையும் மனதில் உண்டு.

சென்ற சனிக்கிழமை ஒத்திகைக்காகத் தேயிலை மலைச் சரிவில் 8 கிலோமீட்டர் நடந்தோம். புதுச் சப்பாத்து அணிந்து வந்த ஒரு தங்கச்சியின் குதிகாலில் ரூபாய்க் குற்றியளவு கொப்புளம் எழுந்தது. பழைய சப்பாத்தே போதும் என்று முன்கூட்டிச் சொல்லாதது என் பிழை. ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்), தொப்பி, கொதித்தாறிய தண்ணீர் ஆகியவற்றைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். ஆனால் கூலி வேடமும் கங்காணியின் பிரம்பும் வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். முன்னோரின் துயரம் நமக்கு நாடகமல்ல. பதிலாக, ஒவ்வொருவரும் தம் அப்பாயியிடமோ அம்மாயியிடமோ கேட்டறிந்த ஒரு சங்கதியை எழுதிக்கொண்டு வரவேண்டும். இதுவரை நால்வர் கொடுத்திருக்கிறார்கள்.