யார் கைக்குப் போனது அந்த 2 கோடி பவுண்டு?

2018 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நிதியமைச்சகம் தன் ட்விட்டர் பக்கத்தில், வெள்ளிக்கிழமைக்கான வியப்பூட்டும் தகவல் என்ற பெயரில், ஒரு செய்தியைப் பெருமையோடு வெளியிட்டது. அடிமைகளின் விடுதலைக்காக 1833இல் அரசு 2 கோடி பவுண்டு ஒதுக்கியது, அதற்காக வாங்கிய கடன் 2015இல்தான் அடைந்து முடிந்தது, ஆகவே இன்று வாழும் குடிமக்களும் தங்கள் வரிப்பணத்தின் மூலம் அடிமை வணிகத்தை ஒழிக்க உதவியிருக்கிறார்கள் என்பது அதன் சாரம். கண்டனம் கிளம்பியதும் பதிவு நீக்கப்பட்டது. அதிலிருந்த எண்கள் பொய்யல்ல. அந்தத் தொகை ஆண்டு அரசுச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம் என்பதும் உண்மைதான். பணம் யார் கைக்குப் போனது என்ற விவரம் மட்டும் விடுபட்டிருந்தது. அது முழுவதும் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு, அவர்களுடைய ‘சொத்து’ பறிபோனதற்கான இழப்பீடாக வழங்கப்பட்டது. அடிமைகளாக இருந்தவர்களுக்கு அதில் ஒரு பென்னிகூடக் கிடைக்கவில்லை.

அவர்களுக்குக் கிடைத்தது ‘பயிற்சித் தொழிலாளர்’ என்ற புதிய பெயர். 1834 ஆகஸ்ட் 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, ஆறு வயதுக்கு மேற்பட்ட பெரும்பாலோர் அதே தோட்டங்களில், அதே முதலாளிகளிடம், வாரத்துக்கு 45 மணி நேரம் வரை கூலியின்றி உழைக்கக் கடமைப்பட்டவர்களானார்கள்; அந்த ஏற்பாடு 1838 வரை நீடித்தது. பின்னாளில் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை ஜான் கிளாட்ஸ்டன், 2,500க்கும் மேற்பட்ட அடிமைகளுக்கு ஈடாக ஒரு லட்சம் பவுண்டுக்கும் அதிகமாகப் பெற்றார். அதே மனிதர்தான், விடுதலை பெற்றவர்கள் தோட்டங்களை விட்டுப் போய்விடுவார்கள் என்று அஞ்சி, இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைப் பிரிட்டிஷ் கயானாவுக்கு வரவழைக்கும் ஏற்பாட்டைத் தொடங்கிவைத்தார். விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரண்டு கப்பல்களில் அவர்கள் 1838 மே மாதம் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். மொரீஷியசுக்கு அதற்கு முன்பே ஆள் ஏற்றுவது தொடங்கியிருந்தது. 1860இல் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போன ட்ரூரோ கப்பலும் இதே வரிசையில் வந்ததுதான். அடிமை ஒழிப்பைப் பற்றிய பிரிட்டிஷ் பெருமிதத்தைத் தமிழர்கள் வெளியிலிருந்து வேடிக்கை பார்ப்பவர்களாக வாசிக்க முடியாது. அந்தக் கணக்கின் அடுத்த பக்கத்தில் நம்மவர்களின் பெயர்களும் இருக்கின்றன.

இதைச் சொல்வதால் ஒழிப்பு இயக்கமே பொய் என்று ஆகிவிடாது. 1807இல் அடிமை வணிகத்தைத் தடை செய்த பிறகு, பிரிட்டிஷ் கடற்படை மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ரோந்து சென்று, சுமார் 1,600 கப்பல்களைப் பிடித்து, ஒன்றரை லட்சம் பேரை விடுவித்தது. அந்தப் பணியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள், பெரும்பாலும் காய்ச்சலால், உயிரிழந்தார்கள். ஒரு நாடு பெருமைப்படத் தகுந்த செயல்தான் இது. ஆனால் அதற்கு முன்பு பிரிட்டிஷ் கப்பல்கள் ஆப்பிரிக்காவிலிருந்து ஏற்றிச் சென்றவர்கள் 30 லட்சத்துக்கும் மேல். முதல் எண்ணைச் சொல்லும் மேடைகளில் இரண்டாவது எண் ஏன் ஒலிப்பதில்லை என்பதுதான் என் கேள்வி.

அமெரிக்காவிலும் இதே போன்ற ஒரு ரசீது உண்டு. லிங்கன் 1862 ஏப்ரல் 16 அன்று கையெழுத்திட்ட சட்டம் தலைநகர் வாஷிங்டனில் அடிமை முறையை முடிவுக்குக் கொண்டுவந்தது. அதன்படி அரசுக்கு விசுவாசமான உரிமையாளர்களுக்கு அடிமை ஒருவருக்கு 300 டாலர் வரை வழங்கப்பட்டது. விடுவிக்கப்பட்டவர்களுக்கும் அந்தச் சட்டத்தில் ஒரு தொகை இருந்தது, 100 டாலர் வரை. ஆனால் அவர்கள் ஹெய்ட்டிக்கோ லைபீரியாவுக்கோ குடிபெயரச் சம்மதித்தால் மட்டுமே! ஒருவனை விடுதலை செய்து, நாட்டைவிட்டுப் போனால் பணம் தருகிறேன் என்று சொல்லும் சட்டத்தை எந்தப் பாடநூலும் கொட்டை எழுத்தில் அச்சிடாதது வியப்பில்லை.

பிலடெல்பியாவில் இது இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது. அமெரிக்க விடுதலையின் சின்னமான லிபர்ட்டி பெல் மணி இன்று வைக்கப்பட்டிருக்கும் கட்டடத்தை ஒட்டித்தான், 1790 முதல் 1797 வரை ஜார்ஜ் வாஷிங்டன் அதிபராகக் குடியிருந்த வீடு நின்றது. அந்த ஆண்டுகளில் ஒன்பது அடிமைகளை அவர் அங்கே கொண்டுவந்து வைத்திருந்தார். பென்சில்வேனியாவின் 1780ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளி மாநிலத்தவர் கொண்டுவரும் அடிமை ஆறு மாதம் தொடர்ந்து அங்கே தங்கிவிட்டால் விடுதலை கோரலாம். ஆகவே அந்தக் கெடு முடியும் முன்பே அவர்களை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பிவிட்டுத் திரும்ப அழைத்துக்கொள்ளும் ஏற்பாடு நடந்தது. அவர்களுக்கும் பொதுமக்களுக்கும் உண்மை தெரியாதபடி ஏதாவது சாக்குச் சொல்லி இதைச் செய்யும்படி வாஷிங்டன் தன் செயலாளருக்கு 1791இல் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அந்த வீட்டிலிருந்து 1796இல் தப்பிய ஓனா ஜட்ஜ் என்ற பெண்ணைப் பிடித்துவர அவர் ஆளனுப்பிப் பார்த்தும் முடியவில்லை. தன் சொந்த அடிமைகளை விடுவிக்கும்படி உயில் எழுதியவரும் இதே வாஷிங்டன்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டையும் ஒரே பலகையில் எழுத முடியும். அப்படி எழுதினால் மணியின் மதிப்பு குறைந்துவிடும் என்று நினைப்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

“அந்தக் காலத்து அளவுகோலை வைத்துப் பாருங்கள்” என்ற வாதம் இந்த இடத்தில் தவறாமல் வரும். எந்தக் காலத்திலும் அளவுகோல் ஒன்று மட்டும் இருந்ததில்லை. பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் சிலர் அடிமை முறைக்கு எதிராக எழுத்துப்பூர்வமாகக் கண்டனம் தெரிவித்தது 1688இல். அடிமையாகப் பிறந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ், 1852 ஜூலை 5 அன்று ரோசெஸ்டரில் பேசியபோது, ஜூலை 4 என்ற சுதந்திர நாள் உங்களுடையது, என்னுடையதல்ல என்று கூட்டத்தைப் பார்த்து நேராகவே சொன்னார். அவரும் அந்தக் காலத்தவர்தான். இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால், ஜாலியன்வாலா பாக் படுகொலையை 1920 ஜூலையில் பிரிட்டிஷ் மக்களவையில் கொடூரமானது என்று கண்டித்தவர் சர்ச்சில். பேரரசின் மீது அவருக்கு இருந்த பற்றைப் பற்றி யாருக்கும் ஐயம் இருக்க முடியாது. அதே மாதத்தில் பிரபுக்கள் அவை 129க்கு 86 என்ற வாக்குகளில் ஜெனரல் டயருக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது; மார்னிங் போஸ்ட் நாளிதழ் வாசகர்களிடமிருந்து அவருக்காக 26 ஆயிரம் பவுண்டு திரட்டியது. ஆக, அன்றைய பிரிட்டன் அறியாமையில் இருக்கவில்லை. இரண்டு பக்கங்களையும் கேட்டபின், ஒரு பகுதியினர் பெருமிதத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சிலைகளைப் பற்றி அதிகம் எழுதியாயிற்று, ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனுக்குப் பிரிஸ்டலில் சிலை வைத்தது 1895இல், அதாவது அவர் இறந்து 174 ஆண்டுகளுக்குப் பிறகு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க நின்ற தென் மாநிலங்களின் தளபதி ராபர்ட் ஈ. லீக்கு ரிச்மண்டில் சிலை எழுந்தது 1890இல், அவர் தோற்ற போர் முடிந்து 25 ஆண்டுகளுக்குப் பிறகு. இரண்டும் அந்த மனிதர்களைவிட, சிலை வைத்த தலைமுறைக்கு என்ன தேவைப்பட்டது என்பதையே அதிகம் சொல்கின்றன. கோல்ஸ்டன் சிலை 2020இல் துறைமுக நீரில் தள்ளப்பட்டு, மீட்கப்பட்டு, இப்போது அருங்காட்சியகத்தில் பெயிண்ட் கறையோடு படுத்த நிலையில் இருக்கிறது; வரலாறு அழிந்துவிட்டது என்று புலம்பியவர்கள் அங்கே போய்ப் பார்த்தால், முன்பைவிட அதிக விவரங்களோடு அவரைச் சந்திக்கலாம்.

இரு நாடுகளுக்கும் இடையிலான வேறுபாடு, என் பார்வையில், தூரம் சார்ந்தது. அமெரிக்காவில் அடிமைகள் உழைத்த மண்ணிலேயே அவர்களின் வாரிசுகள் வாக்களிக்கிறார்கள். மறைக்க நினைத்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் பேசுவார். பிரிட்டனின் கொடுமைகளில் பெரும்பகுதி கடல்களுக்கு அப்பால் நடந்ததால், கோப்புகளைப் பூட்டிவைத்தாலே போதுமானதாக இருந்தது. கென்யாவில் 1950களில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்த மாவ் மாவ் கிளர்ச்சியின்போது நடந்த சித்திரவதைகளைப் பற்றிய ஆவணங்கள் ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரசு வளாகத்தில் இருப்பது 2011இல், முதியவர்கள் சிலர் வழக்கு தொடுத்த பிறகுதான், வெளியே தெரிந்தது. 2013இல் அரசு வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்காக 1.99 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்டது. இந்த முறை பணம் பாதிக்கப்பட்டவர்களின் கைக்குப் போனது.

தங்கள் நாட்டு வரலாற்றைப் பற்றிப் பெருமைப்படும் பிரிட்டிஷ் மக்களின் விகிதம் 2013இல் 86 சதவீதமாக இருந்து 2023இல் 64ஆகக் குறைந்ததாக அங்குள்ள சமூக மனப்பான்மை ஆய்வு சொல்கிறது. அமெரிக்காவில் 2025ஆம் ஆண்டின் கேலப் கருத்துக்கணிப்பில், அமெரிக்கராக இருப்பதில் மிகுந்த பெருமை கொள்வதாகச் சொன்னவர்கள் குடியரசுக் கட்சியினரில் 92 சதவீதம், ஜனநாயகக் கட்சியினரில் 36 சதவீதம். பிரிட்டிஷ் எண் சரிந்ததை நாட்டுப்பற்றின் வீழ்ச்சி என்று அங்கே சிலர் எழுதுகிறார்கள். நான் அதை அப்படி வாசிக்கவில்லை, கோப்புகள் திறந்த பிறகும் பத்தில் ஆறு பேருக்கு மேல் பெருமைப்படுகிறார்கள் என்றே வாசிக்கிறேன். எனக்குக் கவலை தருவது அமெரிக்க எண்களுக்கு இடையிலுள்ள பிளவு. அங்கே ஒரே வரலாற்றின் இரண்டு பாதிகளை இரண்டு கட்சிகள் பங்கு போட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒரு நினைவிடத்தில் எந்தப் பலகை இருக்கலாம் என்பதும் தேர்தல் முடிவைப் பொறுத்ததாகிவிட்டது.