பின்னறையில் இருந்த இயந்திரம்

2025 ஜூன் 7, சனி, வெள்ளவத்தை

பேச்சைக் கேட்டுப் புகையிரத நேரம் சொல்லும் இயந்திரத்தை ஆக்குவதற்கு முன், மக்கள் அதனுடன் எவ்வாறு பேசுவார்கள் என்று அறிவதற்காக, அந்த இயந்திரமாக நாமே நடிப்பது என்று தீர்மானித்தோம். முன்னறையில் ஒலிபெருக்கி இருக்கும். பின்னறையில் நண்பர் மறுமொழியைத் தட்டச்சுச் செய்ய, கணினிக் குரல் அதை வாசிக்கும். 1980களின் தொடக்கத்தில் ஜே. எப். கெல்லி என்ற ஆய்வாளர் ஒரு நாட்காட்டி நிரலை, மறைவில் இருந்து இயந்திரமாக நடித்தே சோதித்தார்.

ஜூன் 8, ஞாயிறு

பக்கத்து வீட்டு மாமி வந்தார். "யாழ்ப்பாணத்துக்கு விடியப் போற ரெயின் இருக்கோ, தம்பி?" என்று ஒலிபெருக்கியிடம் கேட்டார். ஐந்து கேள்விகளுக்கும் சரியான விடை கிடைத்தது. நாங்கள் அளந்தது இயந்திரத்தை அல்ல, நண்பரின் கெட்டித்தனத்தை என்பது இரவில்தான் உறைத்தது.

ஜூன் 10, செவ்வாய், பொசன் போயா

விடுமுறை நாள் முழுவதும் நண்பரின் அறிவைக் குறைப்பதில் கழிந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் ஜோன் கூல்டும் சக ஆய்வாளர்களும் 1983இல் வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் 'கேட்கும் தட்டச்சு' பற்றிய ஆய்வில், மறைவில் ஒருவர் தட்டச்சுச் செய்ய, சொற்பட்டியலில் இல்லாத சொல் திரையில் வெறும் X எழுத்துகளாகவே தெரிந்தது. நாங்களும் 80 சொற்களை வரையறுத்தோம். அதற்கு வெளியே எது வந்தாலும் "விளங்கவில்லை" என்ற மறுமொழி மட்டுமே. ஒவ்வொரு மறுமொழிக்கும் 3 செக்கன் தாமதமும் சேர்த்தோம்.

ஜூன் 14, சனி

ஒருவரையே இருமுறை அமர்த்துவது நல்ல முறையன்று. ஆயினும் வேறு ஆள் கிடைக்கவில்லை. மாமி "ஓம்" என்றார், இயந்திரத்துக்கு விளங்கவில்லை. பட்டியலில் நாங்கள் எழுதியிருந்தது "ஆம்". எங்கள் வீட்டிலேயே எவரும் சொல்லாத சொல் அது! மனிதர் உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி பல மொழிகளிலும் ஏறத்தாழ 0.2 செக்கன்தான் என்பதால், 3 செக்கன் மௌனத்தால் இயந்திரத்துக்குக் கேட்கவில்லை என்று மாமி எண்ணி, கேள்வியை உரக்கத் திரும்பச் சொல்ல, அதே வேளையில் விடையும் வந்து இரண்டும் மோதின. நான்காவது கேள்வி வானொலிச் செய்தித் தமிழில் வந்தது: "காலையில் புறப்படும் புகையிரதம் உண்டா?" அதில் "தம்பி" இல்லை.

முடிந்ததும் உண்மையைச் சொன்னோம்; சொல்லாமல் விடுவது ஏமாற்று. மாமி நண்பரை ஏறிட்டுப் பார்த்து, "அண்டைக்கு வடிவா மறுமொழி சொன்ன பிள்ளைக்கு இண்டைக்கு என்ன நடந்தது?" என்றார்.

"ஓம்", "விடிய" இரண்டையும் பட்டியலில் சேர்த்தோம். தாமதத்தை அடுத்த முறை 1 செக்கனாக்கிப் பார்க்க வேண்டும்.