பாடாமல் நின்ற மாணவத் தலைவர்

குடியரசு தினம் என்ற ஒன்று நம் பாடசாலைகளில் கொண்டாடப்பட்டதைப் பழைய மாணவர் சங்கத்தின் இளைய உறுப்பினர் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். 1972 மே 22 அன்று இலங்கை குடியரசாகியது. அடுத்த ஆண்டு அந்நாளையொட்டி நமது கல்லூரியில் நடந்த கொடியேற்றத்தில் சிரேஷ்ட மாணவத் தலைவர் தேசிய கீதத்தைப் பாடாமல் நின்றதைப் பற்றி இம்மலரில் இதுவரை எவரும் எழுதவில்லை. அப்போது உயர்தர வகுப்பில் அவரோடு படித்தவன், அன்று அவருக்கு நேர் பின்னால் நின்றவன் என்ற முறையில் அதை எழுதிவைப்பது என் கடமை என்று கருதுகிறேன்.

அந்தக் குடியரசின் யாப்பை, அதாவது அரசியலமைப்பை, நம் வீடுகள் எப்படிப் பார்த்தன என்பதை முதலில் சொல்லவேண்டும். சிறுபான்மையினருக்கு எதிரான பாகுபாட்டுச் சட்டங்களைத் தடுத்த, முன்பிருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு புதிய யாப்பில் இல்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியான சிங்கள ஆட்சிமொழி யாப்பிலேயே இடம்பெற்றது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரப்பட்டது. தமிழரசுக் கட்சியினர் முன்வைத்த கோரிக்கைகள் ஏற்கப்படாததால் அவர்கள் 1971இலேயே அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறியிருந்தார்கள். இவை பெரியவர்களின் பேச்சு. மாணவர்களாகிய எங்களை நேரே தாக்கியது தரப்படுத்தல், அதாவது பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளிகளை மொழிமூலத்துக்கு ஏற்ப வேறுபடுத்திய முறை. பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூலம் தோற்றியவருக்கு 227 புள்ளிகள் போதும், தமிழ் மொழிமூலம் தோற்றியவருக்கு 250 வேண்டும் என்ற நிலை வந்தபோது, மாணவத் தலைவருடைய தமையனார் அந்த இரண்டு எண்களுக்கும் இடையில் அகப்பட்டவர்களில் ஒருவர். இராப்பகலாகப் படித்த அந்த அண்ணர் பின்னர் ஒரு கடையில் கணக்கெழுதப் போனதை நாங்கள் கண்ணால் கண்டோம்.

கொடியேற்றத்துக்குக் கல்வித் திணைக்கள அதிகாரி ஒருவர் வந்திருந்தார். வழக்கம்போல் மாணவத் தலைவரே தேவாரத்தைப் பாடினார். அவருடைய குரல் கல்லூரி முழுவதும் அறிந்த குரல். கல்லூரிக் கீதத்தையும் முதலடியிலிருந்து அவரே எடுத்துக்கொடுத்தார். பிறகு கொடி ஏறியது. சங்கீத ஆசிரியர் ஆர்மோனியத்தில் தேசிய கீதத்தின் தொடக்க இசையை வாசித்து நிறுத்தினார். மாணவத் தலைவர் வாய் திறக்கவில்லை. கவனியாமல் இருந்துவிட்டார் என்று எண்ணிய ஆசிரியர் அதே இசையை மறுபடியும் வாசித்தார். அவரோ கைகளை உடலோடு ஒட்டி, பெருவிரல்கள் காற்சட்டைத் தையலின் மேல் படிய, கொடியை நேரே பார்த்தபடி அசையாது நின்றார். கழுத்தோரம் வியர்வை இறங்கிச் சட்டைக் கழுத்துப்பட்டியை நனைத்தது. முன்வரிசையில் நின்ற கீழ்வகுப்புப் பிள்ளைகள் தாமாகவே ஆளுக்கொரு சுருதியில் தொடங்க, கீதம் எப்படியோ பாடி முடிக்கப்பட்டது. அது முடியும்வரை அவர் நின்ற நிலை மாறவில்லை.

அவருக்கு அந்தப் பாட்டின் மீது வெறுப்பு எதுவும் இருக்கவில்லை என்பதை நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். நாங்கள் பாடியது வட்டுக்கோட்டையைச் சேர்ந்த புலவர் மு. நல்லதம்பி ஆக்கிய தமிழ் வடிவம். முந்திய ஆண்டுகளில் அதை அவரே முன்னின்று பாடியிருக்கிறார், அதுவும் மனமுருகி. அன்று மாலை அதிபரின் அறைக்கு அவரோடு நானும் அழைக்கப்பட்டேன். "ஏன் தம்பி பாடேல்லை?" என்று அதிபர் கேட்டார். "மனசில இல்லாததைப் பாட ஏலாது சேர். மரியாதைக்கு எழும்பி நிண்டனான்" என்பதே அவர் சொன்ன மறுமொழி. அதிபர் கோபிக்கவில்லை. நெடுநேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எங்களை வகுப்புக்குப் போகச் சொன்னார். ஆனாலும் இரண்டு நாள் கழித்து மாணவத் தலைவரின் சின்னம் திருப்பி வாங்கப்பட்டு வேறொருவருக்கு அணிவிக்கப்பட்டது. சம்பளமும் இடமாற்றமும் அரசின் கையில் இருந்த காலத்தில் அதிபர் எத்தகைய நெருக்குதலுக்கு உள்ளானார் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. எனினும் அந்தத் தண்டனை நீதியற்றது என்றே அன்றும் எண்ணினேன், இன்றும் எண்ணுகிறேன்.

பின்னாளில் இங்கிலாந்தில் சட்டம் படித்துத் தொழில் செய்துவந்த காலத்தில், இந்திய உச்ச நீதிமன்றம் 1986இல் வழங்கிய ஒரு தீர்ப்பை வாசித்தேன். கேரளத்தில் யெகோவா சாட்சிகள் சமயத்தைச் சேர்ந்த 3 பிள்ளைகள், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றும் பாடாமல் இருந்ததற்காக, 1985இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். எழுந்து நிற்பதே மரியாதை, பாடியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் விதிக்கவில்லை என்று கண்ட நீதிமன்றம், அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறு உத்தரவிட்டது. அந்தப் பிள்ளைகளைத் தடுத்தது சமய நம்பிக்கை. நம் மாணவத் தலைவரைத் தடுத்தது அரசியல் மனச்சாட்சி. இந்த வேறுபாடு சட்டத்தில் பெரிதாக இருக்கலாம். ஒரு பிள்ளை தன் வாயால் பொய் சொல்ல மறுத்தது என்ற அளவில் இரண்டும் ஒன்றென்றே நான் கொள்கிறேன். 2016 பெப்ரவரி 4 அன்று காலிமுகத்திடலில் சுதந்திர தின விழாவின் முடிவில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டபோது அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். தொலைக்காட்சியில் தாமும் கேட்டதாகவும், உடன் பாட மனம் வந்ததாகவும் சொன்னார். 2020இல் அதே விழாவில் தமிழ்க் கீதம் விடுபட்டது. அதைப்பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

கல்லூரி மண்டபத்தில் உள்ள சிரேஷ்ட மாணவத் தலைவர் பெயர்ப்பலகையில் 1973ஆம் ஆண்டுக்கு நேரே பின்னர் நியமிக்கப்பட்டவருடைய பெயர் மட்டுமே இருக்கிறது. அவரும் நம் நண்பரே. இரண்டு பெயர்களும் இருக்கவேண்டும் என்பதே அவருடைய விருப்பமும். முன்னவரிடம் இதுபற்றிக் கேட்டபோது, மலரில் தம் பெயரை எழுதவேண்டாம், பலகையில் எழுதினால் மறுப்பில்லை என்றார். வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதை முன்மொழிய இருக்கிறேன். அன்று மைதானத்தில் நின்றவர்களில் வழிமொழிய விரும்புபவர்கள் கூட்டத்துக்கு முன்னதாகவே செயலாளருக்கு எழுதி அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.